ஐந்தை அழுத்தினால் குதிக்கும்

நாலு இடது. ஆறு வலது.
ஐந்தை அழுத்தினால் குதிக்கும்.
திரையின் அடியில் மஞ்சள் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும்,
அதன் வாலில் எங்கள் தொலைபேசி எண்,
அதற்கும் வாலில் செக்காலை ரோட்டு நகைக்கடை.

காரைக்குடி நம்பியது:
வீட்டுப் போனில் அழுத்தினால்
டிவியில் கார் திரும்புகிறது.
திருப்பியது நான்.
பேட்டரிக் கடை மாடியில், எட்டுக்கு எட்டு அறையில்,
காதில் ஹெட்போன், மடியில் ஜாய்ஸ்டிக்.
தாழ்ந்து கேட்டால் இடது,
ஒரு மயிரிழை உயர்ந்து கேட்டால் வலது.

அதைத் தானாகச் செய்யும் கருவி சென்னையிலிருந்து வருவதாக இருந்தது.
மூவாயிரம் முன்பணம் மட்டும் போனது.
"ஒரு மாசம் நீயே அமுக்கு சிகப்பி" என்றார் ஜபருல்லா அண்ணன்.
ஏழு வருடம் அமுக்கினேன்.

முதல் வாரம் பதினோரு அழைப்பு,
ஆறு தவறான எண்.
மே மாதம் பிறந்ததும்
கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர் என்று
ஒரு பிள்ளை ஆட ஒரு தெருவே கத்தியது என் காதில்.
போன் பில் வந்த வீடுகளில் அடி விழுந்த சத்தமும் கேட்டேன்.
கொப்புடையம்மன் தேரன்று லைன் சும்மா கிடக்கும்,
கொஞ்சம் கண்ணயரலாம் என்றிருந்தேன்.
தேர் நிலைக்கு வந்த பத்தாம் நிமிடம் மணி அடித்தது.

இரண்டாவது லைன். மூன்றாவது. ஏசி.
அண்ணனுக்கு ஒரு பழைய மாருதி.
எனக்கு இருநூறு ரூபாய் கூட,
வலது கட்டைவிரலில் ஒரு காய்ப்பு.

எனக்குத் தூக்கம் வந்தால் பள்ளத்தூர்ப் பையன் தோற்பான்.
"பேர் என்னங்க" என்று இழுத்த ஒருத்தனை
மூன்று முறை பள்ளத்தில் விட்டேன்.
அவன் தன் விரலைத்தான் திட்டினான்.

புதுவயல் அரிசி ஆலையில் சேவுகன், இரவுக் காவல்.
கட்டை அடுக்கும் ஆட்டம் மட்டும்தான்.
அதில் ஐந்து குதிக்காது, சுழலும்.
பேச்சே கிடையாது, பின்னால் ஆலை இரைச்சல்.
ஒருநாள் பாதி ஆட்டத்தில்
"லாரி வருது தாயி, பிடிச்சுக்க" என்று போனை வைத்துவிட்டுப் போனான்.
பிடிச்சுக்க.
அப்படியென்றால் தெரிந்திருக்கிறது.
விழுந்துகொண்டிருந்த கட்டையை நிறுத்தி
இருபது நிமிடம் பிடித்திருந்தேன்.
ஊர் முழுக்க அசையாத திரை.
அண்ணன் கீழேயிருந்து கத்தினார்,
கேபிள் அறுந்துவிட்டது என்றேன்.

அப்புறம் ஆளுக்கொரு செல்போன்,
செல்லுக்குள்ளேயே பாம்பு, கார், பந்து.
அவரவர் விரலை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.
காலையில் ராசிக்கல்காரர் வந்தார்,
மதியம் மூட்டுவலித் தைலம்.
எங்களுக்கு மிச்சம் ராத்திரி ஒரு மணிநேரம்.
செட்டாப் பெட்டி வந்தபோது நாற்பத்தேழாம் எண்
அறுநூற்று முப்பத்தெட்டானது.
அவ்வளவு தூரம் யார் ரிமோட்டை அழுத்திப் போவார்கள்?

கடைசி வாரம் மூன்று அழைப்பு.
ஒன்று கேஸ் சிலிண்டர் கேட்டு.
ஒன்று எடுத்ததும் வைத்துவிட்டது.
மூன்றாவது சேவுகன், இரைச்சல் இல்லாமல்.
"இன்னைக்கு லாரி இல்லை. நீ ஆடு, நான் பாக்குறேன்."

காதில் ஒலியில்லாமல் எப்படி ஆடுவது?
இடதா என்று கை கேட்டது, யாரும் சொல்லவில்லை.
இரண்டாம் நிமிடத்தில் அடுக்கு உச்சியைத் தொட்டது.
அவன் சிரித்த சிரிப்பு!
"நாந்தான் நல்லா ஆடுறேன்."

இப்போது ஆஸ்பத்திரியில் பில் போடுகிறேன்.
கார்டைச் செருகிவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டு எண் அழுத்துகிறார்கள்.
எல்லா எண்ணுக்கும் ஒரே ஒலி.
எது இடது, எது வலது என்று தெரியாமல்
மேசைக்கு அடியில்
கட்டைவிரல் கொஞ்சம் தூக்கியபடியே இருக்கிறது.